முனி பார்த்த வீடு

முனி என்றால் என்ன பொருள் என்று எவராவது மேடையேறி விளக்க ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் கையில் இருப்பது என்னுடைய மைக். நான் மார்ட்டின், கச்சிராயபாளையத்தில் சவுண்டு சர்வீஸ் வைத்திருப்பவன். மாதா கோயில் தேர்பவனியோ மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதோ, கோமுகி அணையைச் சுற்றி எந்த ஊரில் விசேஷம் என்றாலும் பனைமரத்தில் தொங்குவது என் ஸ்பீக்கர் குழாய்தான். கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட முடியுமா? உட்கார்ந்து எல்லாருடைய பேச்சையும் கேட்டுத் தொலைக்க வேண்டும்.

காலேஜ் வாத்தியார் ஒருவர் சொல்வார், முனி வடமொழிச் சொல், மௌனமாக இருப்பவர் என்று பொருள். அடுத்தவர் எழுந்து, அதெல்லாம் இல்லை, பழந்தமிழில் முனிவு என்றால் கோபம், முனிந்தவன் முனி என்பார். எங்கள் பங்குச் சாமியார்கூட ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆதி காலத்தில் முனி மாதிரி இராட்சதர்கள் பூமியில் இருந்ததாகப் பைபிளில் வருகிறது, மூலமொழியில் அந்தச் சொல்லுக்கு விழுந்தவர்கள் என்றும் ஓர் அர்த்தம் உண்டு என்று பிரசங்கம் வைத்தார். விழுந்தவன் எப்படி ஐயா அவ்வளவு பெரிய ஆளாவான் என்று எனக்குள் கேட்டுக்கொண்டு வயரைச் சுற்றினேன். எனக்கு இவர்களில் ஒருவர் சொன்னதும் மண்டையில் ஏறவில்லை. சடையன் என்ற ஒரே ஓர் ஆளைப் பார்த்துத்தான் முனி என்றால் என்னவென்று தெரிந்துகொண்டேன்.

சடையன் முனி செய்கிறவர். சின்னசேலம் பக்கமோ திருக்கோவிலூர் பக்கமோ பஸ்ஸில் போகிறபோது, கரும்புத் தோட்டத்துக்கு நடுவே திடீரென்று முறுக்கு மீசையும் உருட்டு விழியுமாக, தென்னை உயரத்துக்கு ஒரு சாமி கத்தியைத் தூக்கிப் பிடித்து உட்கார்ந்திருக்குமே, அதில் பாதி அவர் கை வேலை. ஆள் என் தோளுக்குக்கூட வரமாட்டார். பெங்களூரில் கொத்தனாராக இருந்துவிட்டு ஊருக்கு வந்து, வாசல் கேட்டுகளின் மேல் சிமெண்டுச் சிங்கம் வைத்துக்கொண்டிருந்தார். ஒரு ஊரில் முனிக்கு மூக்கு உடைந்துவிட்டது, ஒட்டித் தருகிறாயா என்று கூப்பிட்டார்கள். மூக்கை ஒட்டினவரை அடுத்த ஊர் கைக்குக் கூப்பிட்டது. அதற்கடுத்த ஊர் முழு முனியையே செய்யச் சொல்லிவிட்டது. "ஒசரமா இருக்கறவனுக்கு ஒசரத்தோட அரும தெரியாது மார்ட்டினு. ஏணி வச்சி ஏறுறவனுக்குத்தான் தெரியும்" என்பார். பேசுவதே அவ்வளவுதான். மற்ற நேரம் வாய் நிறைய வெற்றிலை.

முனி வேலையில் உடம்பு வேறு, கண் வேறு. உடம்புக்குக் கம்பி கட்டலாம், ஜல்லி போடலாம், யார் வேண்டுமானாலும் சட்டியைத் தூக்கிக் கொடுக்கலாம். கண்ணை மட்டும் வெள்ளையாக விட்டு, துணியால் கட்டிவைத்துவிடுவார்கள். கும்பாபிஷேகத்தன்று செய்தவர் ஒருவர்தான் மறைப்புக்குள் ஏறிக் கருவிழி எழுத வேண்டும். முதல் பார்வை மனிதர்மேல் படக் கூடாது என்று எதிரே யாரையும் நிற்க விடமாட்டார்கள். கண்ணாடி காட்டி, பூசணிக்காய் உடைத்து, அப்புறம்தான் மறைப்பு இறங்கும். கண்ணைத் திறந்த கைதான் அதை மறுபடி தொடலாம். வேறொருவன் தொட்டால் அவன் குடும்பம் விளங்காது. அதனால் வேலையை ஒப்படைக்கும்போதே வெற்றிலை பாக்குத் தட்டைக் கொடுத்து, "ஒடம்பு ஊரு பொறுப்பு, கண்ணு உன் பொறுப்பு" என்று தர்மகர்த்தா ஊரறியச் சொல்ல வேண்டும். அது இந்தப் பக்கத்து வழக்கம்.

இனி அந்த ஊருக்கு வருகிறேன். மலையடிவாரத்து ஊர். பெயர் வேண்டாம், வருகிற மாதம் எனக்கு அங்கே ஒரு காதுகுத்து இருக்கிறது. சடையனுக்கும் அதுதான் சொந்த ஊர். ஊரின் தர்மகர்த்தா அய்யப்பன். அணைத் தண்ணீர் பாய்கிற கரும்பு நிலத்தில் பாதி அவருடையது. அவர் வரப்பில் நடந்தால் எதிரே வருகிறவன் சேற்றில் இறங்கி நிற்பான்.

சடையனுக்கு ஒரு தம்பி, சின்னராசு. அய்யப்பன் கொல்லையில் மோட்டார் போடுவது, முனி கோயில் திடலைப் பெருக்குவது, என்னோடு வந்து பனைமரம் ஏறிக் குழாய் கட்டுவது, எல்லாம் அவன்தான். வாயாடி. உச்சியில் இருந்துகொண்டே கீழே போகிற பெண்களை "இன்னா அத்த, சோறு ஆக்கிட்டியா?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்வான். கொரோனாவுக்கு முந்தின வருஷம் முனி கோயில் வெண்கல மணி காணாமல் போயிற்று. திடலைப் பெருக்குகிறவன் சின்னராசு, அதனால் திருடனும் அவன்தான் என்று அய்யப்பன் தீர்ப்புச் சொல்லிவிட்டார். திடலோரத்துப் புளியமரத்தில் கட்டிவைத்து, ஊர் பார்க்க, சாட்டைவாரால் அடித்தார். நான் அன்றைக்குத் திருக்கோவிலூரில் ஒரு கல்யாணத்தில் இருந்தேன். சடையன் அரசம்பட்டுப் பக்கம் ஒரு முனிக்குத் தொப்பை பூசிக்கொண்டிருந்தார். அவர் வந்து சேர்ந்தபோது தம்பி வீட்டில் இல்லை. முதுகில் சட்டையோடு ஒட்டின ரத்தம் காயாமலே ஊரை விட்டுப் பஸ் ஏறிவிட்டான்.

அந்த மணியை எடுத்து விற்றது யார் தெரியுமா? அய்யப்பன் மகன் அன்புச்செல்வன். ரெண்டு மாதத்தில் ஊருக்கே தெரிந்துவிட்டது. அய்யப்பனுக்கு ஊருக்கு முன்னாலேயே தெரியும். என்ன செய்தார்? புது மணி வாங்கி, 'உபயம் அய்யப்பன்' என்று அதில் வெட்டச் சொல்லித் தொங்கவிட்டார். ஊர் அந்த மணியை அடித்துக் கும்பிட்டது. அட கடவுளே, ஒரே ஒரு வாய் திறக்கவில்லை! எனக்கு வயிறு எரிந்தது. சடையனிடம் போய்க் கத்தினேன்.

"இன்னாண்ணா, சும்மா உட்டுருவியா அவன?"

சடையன் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "சிமெண்டு எறுவட்டும் மார்ட்டினு" என்றார். இறுகட்டும் என்று அர்த்தம்.

காலம் ஓடியது. அன்புச்செல்வன் பைக்கில் போய் லாரிக்கு அடியில் விழுந்து, பிழைத்து எழுந்தான். பிழைத்ததற்கு வேண்டுதலாக, பழைய குட்டி முனிக்குப் பதில் இந்த வட்டாரத்திலேயே பெரிய முனியாகச் செய்து வைக்கிறேன் என்று அய்யப்பன் ஊர்க்கூட்டத்தில் அறிவித்தார். பெரிய முனி என்றால் சடையனை விட்டால் யார்? அய்யப்பன் ஆள் அனுப்பினார். சடையன் மறு பேச்சில்லாமல் வந்து நின்றார். ஊருக்கு நிம்மதி, ஆள் மறந்துவிட்டான் என்று. எனக்குக்கூட அன்றைக்கு அவர்மேல் கசந்துபோயிற்று.

வெற்றிலைத் தட்டைக் கொடுத்தபோது நான் மைக்கோடு பக்கத்தில் இருந்தேன். அய்யப்பன் எங்கேயோ பார்த்துக்கொண்டு, "ஒடம்பு ஊரு பொறுப்பு, கண்ணு உன் பொறுப்பு, போடா" என்றார். குழாயில் ஊரெல்லாம் கேட்டது. சடையன் தட்டை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார். குனிந்த முகத்தில் ஒரு சிரிப்பு இருந்ததை நான் பார்த்தேன்.

வேலை நடந்துகொண்டிருக்கிறபோது ஒருநாள் அய்யப்பன் வந்து, மூஞ்சி சாந்தமாக இருக்கட்டும் என்றார். முனிக்கு இடது கைப்பக்கம், ரோட்டுக்கு அந்தப்புறம்தான் அவர் புதிதாகக் கட்டிய மாடி வீடு. காலையில் மாடியில் நின்று காபி குடிக்கிறவர், எதிரே கோபமான முகம் எதற்கு என்று நினைத்திருப்பார். "முனின்னா மௌனம்னு காலேஜ் வாத்தியார் சொன்னாரு இல்ல? அந்த மாதிரி செய்யி." சடையன் தலையாட்டினார். அவர் போனபிறகு டீ குடிக்கும்போது என்னிடம் சொன்னார்:

"மௌனங்கறான் ஒருத்தன், கோவங்கறான் ஒருத்தன். ரெண்டு பேரும் சண்ட போட்டுக்கினு கெடக்கட்டும். கோவத்த வாய்ல அடக்கிக்கினு பேசாம குந்தியிருக்கறவன்தான்யா முனி."

டீ கிளாஸைக் கீழே வைத்தேன். இந்த ஆள் எதையும் மறக்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

பங்குனி மாதம் கும்பாபிஷேகம். திடல் கொள்ளாத கூட்டம். சொன்னபடி முகம் சாந்தமாகத்தான் இருந்தது, உதட்டில் லேசாகச் சிரிப்புக்கூட வைத்திருந்தார். எதிரே இருந்தவர்களை விரட்டினார்கள். சடையன் சாரத்தில் ஏறி மறைப்புக்குள் போனார். கண்ணாடி காட்டியாயிற்று, பூசணிக்காய் உடைந்தாயிற்று. மறைப்பு இறங்கியது. குலவை, வேட்டு, பம்பை. நான் ஒலியை ஏற்றினேன். திடீரென்று குலவை பாதியில் அறுந்துபோயிற்று.

முனி எதிரே பார்க்கவில்லை. தலை நேராக இருக்கிறது, கருவிழி ரெண்டும் இடது கடைக்கண்ணுக்கு ஒதுங்கி, கொஞ்சம் தாழ்ந்து, ரோட்டைத் தாண்டி அய்யப்பன் வீட்டு மாடியைப் பார்க்கின்றன. உதட்டில் சிரிப்பு வேறு!

"ஐயையோ, சாமி அய்யப்பன் வூட்டப் பாக்குதுடி!" என்று ஒரு கிழவி கத்தினாள்.

அய்யப்பன் வேர்த்து விறுவிறுத்துப் போய், "டேய் சடையா, இன்னாடா பண்ணி வச்சிருக்கற?" என்றார்.

சடையன் சாரத்திலிருந்து இறங்கி, பிரஷ்ஷைத் துடைத்து, நிதானமாகச் சொன்னார்: "கண்ணு என் பொறுப்புன்னு நீங்கதான சொன்னீங்க." சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது. மைக்கைப் பிடித்துக்கொண்டிருந்ததால் தட்டவில்லை.

அதற்கப்புறம் அய்யப்பன் பட்ட பாடு இருக்கிறதே! முனி பார்க்கிற வாசலில் யாரும் கை நனைக்க மாட்டார்கள். பால்காரன் பாலைத் தெருமுனையில் வைத்துவிட்டுப் போனான். வேலைக்காரி பின்வாசல் வழியாக வந்தாள், அப்புறம் அதுவும் நின்றது. கரும்பு வெட்டும் ஆட்கள் அவர் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த கொல்லைக்குப் போனார்கள். அன்புச்செல்வனுக்குத் திருக்கோவிலூர்ப் பக்கம் பெண் நிச்சயமாகிற மாதிரி இருந்தது. பெண்வீட்டார் வீடு பார்க்க வந்தார்கள், காரிலிருந்து இறங்கினார்கள், திரும்பிப் பார்த்தார்கள். நல்ல நேரம் தவறிவிட்டது என்று சொல்லி, தண்ணீர்கூடக் குடிக்காமல் ஏறிவிட்டார்கள். முதலில் மாடியில் பச்சை வலை கட்டினார். வலைக்கு மேல் முனி எட்டிப் பார்த்தது. தகரம் அடித்தார். தகரத்துக்கு மேலும் பார்த்தது. பெரிதாகச் செய் என்று கேட்டு வாங்கினவர் அவர்தானே, அனுபவிக்கட்டும்! சேலத்திலிருந்து ஒரு பெயிண்டரைக் கூட்டிவந்தார். அவன் சாரத்தில் மீசை வரைக்கும் ஏறினான், கண்ணைக் கிட்டத்தில் பார்த்தான், இறங்கி வந்து வண்டிக் காசுகூட வாங்காமல் ஓடினான். போலீசுக்குப் போகலாம் என்றால் என்னவென்று எழுதிக் கொடுப்பது? சாமி முறைக்கிறது என்றா?

ஆடி பிறந்ததும் அய்யப்பன் சடையன் வீட்டுக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன். எப்போதும் தெருவில் நின்று கூப்பிடுகிறவர், அன்றைக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார்.

"சடையா, என்னால முடியல. பொண்டாட்டி புள்ளைங்க தூங்கி எத்தினி நாளாச்சி. இன்னா வோணுமோ கேளு."

"உங்க காசு வோணாம்."

"அப்பறம் இன்னா வோணும்?"

"அதே புளியமரத்தடி. அதே ஊரு. மார்ட்டினு மைக்கு. சின்னராசு திருடல, எம்மவன்தான் திருடுனான், தெரிஞ்சும் மறச்சேன்னு சொல்லணும். எந்தம்பி காதுல உழணும் அது. சொன்னீங்கன்னா உங்க வூட்ட வுட்டு கண்ண எடுத்துருவேன்."

அய்யப்பன் எழுந்து போய்விட்டார். ஒரு வாரம் பொறுத்தார். ஆடி ரெண்டாம் வெள்ளி காலையில் குழாய் கட்டச் சொல்லி எனக்கு போன் வந்தது. போன் பண்ணினது அவரேதான், "மார்ட்டின் தம்பி, வரமுடியுங்களா" என்று. 'ங்க' போட்டு!

அன்றைக்கு நான் கட்டின மாதிரி என் ஆயுசில் குழாய் கட்டினதில்லை. நாலு திசைக்கும் கட்டினேன். அணைக்கரை வரைக்கும் கேட்க வேண்டும் என்று கட்டினேன். பூசாரி முறைப்படி முனியின் சக்தியைத் தண்ணீர்ச் செம்பில் இறக்கிவைத்தார், கண்ணைத் தொடலாம் என்பதற்காக. ஊர் முழுக்கத் திடலில் கூடியது. வேடிக்கை என்றால் இந்த ஊருக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்? சடையன் தம்பிக்கு போன் போட்டு என் கையில் கொடுத்தார். நான் அதை ஸ்பீக்கரில் வைத்து மைக் பக்கத்தில் பிடித்துக்கொண்டேன்.

அய்யப்பன் புளியமரத்தடியில் நின்றார். "சின்னராசு... மணிய நீ எடுக்கல. எம்மவன் அன்புச்செல்வன்தான் எடுத்து வித்தான். எனக்குத் தெரியும். தெரிஞ்சிதான் மறச்சேன். உன்ன அடிச்சது பாவம்பா" என்றார். அப்படியே மரத்தின் வேரில் உட்கார்ந்து, துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். பங்குச் சாமியார் சொன்ன அர்த்தம் எனக்கு அப்போதுதான் விளங்கியது, பெரிய ஆள் விழுந்தால் எப்படி விழுவான் என்று. பாவமாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. குளுகுளுவென்று இருந்தது.

கூட்டத்தில் "உச்" கொட்டினார்கள். பெரிய மனுசன் எறங்கி வந்துட்டாரு, போதும்பா, எதோ நடந்தது நடந்துபோச்சி, நல்லபடியா முடிஞ்சிச்சி என்று ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். சிலர் கும்பிடுவதற்குக் கற்பூரம்கூட எடுத்துவிட்டார்கள்.

"சின்னராசு, கேட்டுச்சாடா?" என்றார் சடையன்.

"கேட்டுச்சிண்ணா." குழாய் வழியாக அவன் குரல் திடலெல்லாம் பரவியது. பின்னால் ஏதோ மிஷின் ஓடுகிற சத்தம். "அவுரு அடிச்சாரு, அவுரு சொல்லிட்டாரு. செரி. என்னக் கட்ட கவுறு எடுத்தாந்து குடுத்தது யாருண்ணா? தண்ணி தண்ணின்னு கத்துனனே, கொடத்த இடுப்புல வச்சிக்கினு நின்னு பாத்தாங்களே, அவுங்கல்லாம் யாரு? மணி எங்க போச்சின்னு தெரிஞ்ச பிறகு எவனாச்சும் ஒருத்தன், டேய் சின்னராசு, வாடான்னு எனக்கு ஒரு போன் பண்ணானா? அங்க இருக்காங்களா அவுங்க?"

சடையன் கூட்டத்தைப் பார்த்தார். "இருக்காங்கடா" என்றார்.

"இருக்கட்டும்" என்றான். போனை வைத்துவிட்டான்.

ஒரு குழந்தை அழுதது, யாரோ அதன் வாயைப் பொத்தினார்கள். கற்பூரம் எடுத்தவர்களில் ஒருவன் அதை மெதுவாகச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். சடையன் பிரஷ்ஷையும் கருப்புப் பெயிண்டு டப்பாவையும் எடுத்தார். மறைப்புக் கட்டச் சொல்லவில்லை. எதிரே நிற்காதீர்கள் என்றும் சொல்லவில்லை. சாரத்தில் ஏற ஆரம்பித்தார். அந்தக் குள்ள உருவம் முனியின் முழங்காலைத் தாண்டி, மார்பைத் தாண்டி, மீசைக்கு மேலே போய் நின்றது. கூட்டத்தில் நாலைந்து பேர் மெல்ல நழுவப் பார்த்தார்கள்.

"நில்லுங்க" என்றார் மேலிருந்து. மைக் இல்லாமலே கேட்டது. நின்றார்கள்.

வெள்ளை அடித்தார். காயவிட்டார். அப்புறம் கருவிழி எழுதினார். இறங்கி வந்தபோது அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, எல்லாரையும்போல நானும் மேலேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார். முனி அய்யப்பன் வீட்டை விட்டுவிட்டது. விழி ரெண்டும் நேராக, கீழே, திடலைப் பார்த்தன. அதாவது அங்கே நின்றிருந்த எங்களை. நான் அடி நடந்த அன்றைக்கு அந்த ஊரிலேயே இல்லை, சத்தியமாக இல்லை. இருந்தும் தலையைக் குனிந்துகொண்டேன்.

பூசாரி செம்புத் தண்ணீரை முனியின் காலில் ஊற்றினார். சாமி மறுபடி உள்ளே போய்விட்டது. இனி அந்தக் கண்ணைத் தொட வேண்டுமென்றால் சடையனிடம்தான் வர வேண்டும். இதுவரைக்கும் யாரும் வரவில்லை. வந்து என்ன கேட்பார்கள்? என்ன சொல்வார்கள்?

அய்யப்பன் வீட்டுக்குப் பால்காரன் இப்போது வருகிறான். பொங்கல் வைக்கிற நாளில் போய்ப் பாருங்கள், ஊர்ச்சனம் திடலின் ரெண்டு ஓரமாக ஒதுங்கி, பக்கவாட்டில் நின்று கும்பிடும். நடுவில் தேர் போகிற அகலத்துக்கு வெறும் மண். அடுப்புக்கூட அங்கே யாரும் கூட்டுவதில்லை. நான் என் ஆம்பிளிஃபயர் மேசையை முனியின் முதுகுக்குப் பின்னால் போட்டுக்கொள்கிறேன்.

சின்னராசு இன்னும் ஊருக்கு வரவில்லை. வந்தால், அந்த நடுத்திடலில் நிமிர்ந்து நின்று கும்பிட அவன் ஒருவனால்தான் முடியும்.